கூரையின் சூடு காற்றின் சூடு ஆகாது



தம்பி, லேண்ட்சாட் 8 செயற்கைக்கோளின் தரவிலிருந்து நீ வரைந்த வெப்பப் படத்தில் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரம் முழுக்கச் சிவப்பு. அளவு 40 டிகிரியைத் தாண்டுகிறது. “அங்கே காற்று இவ்வளவு சூடா?” என்று கேட்டிருக்கிறாய். சிங்கப்பூரில் பதிவான உச்சக் காற்று வெப்பநிலையே 37 டிகிரிதான்; 1983 ஏப்ரலில் தெங்காவில், மறுபடி 2023 மே மாதம் அங் மோ கியோவில். செயற்கைக்கோள் அளந்தது காற்றை அல்ல, மேலிருந்து கண்ணில் படும் பரப்பு உமிழும் வெப்பக் கதிரை. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அந்தக் கதிரை டிகிரியாக்க, பரப்பின் உமிழ்திறன், அதாவது அது எவ்வளவு நன்றாகக் கதிரை உமிழும் என்ற எண், தெரிந்தாக வேண்டும். இதைத்தான் எல்லோரும் அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள். கடைவீடுகளின் களிமண் ஓடு நன்றாகவே உமிழும். அதன் உமிழ்திறன் 0.9-க்கு மேல். பளபளக்கும் துத்தநாகத் தகடு அப்படியல்ல. தொட்டால் கை பொசுங்கும் வெயிலிலும் கொஞ்சமாகவே உமிழ்ந்து, குளிர்ந்த வானத்தின் கதிரைத்தான் பெரிதும் திருப்பி அனுப்பும். ஓட்டுக்குரிய எண்ணையே அதற்கும் போட்டால், கொதிக்கும் கூரை படத்தில் குளிர்ந்த புள்ளியாக நிற்கும். அதே தகட்டுக்குச் சாதாரணப் பெயின்ட் அடித்துவிடு, ஓட்டைப் போலவே உமிழத் தொடங்கும்! உமிழ்திறனில் நூற்றில் ஒரு பங்கு பிசகினாலே ஏறக்குறைய அரை டிகிரி பிசகும். நீ எந்த எண்ணைப் போட்டாய் என்று எங்கேயும் எழுதவில்லையே, தம்பி?

கூரை சூடானால் தெருவும் சூடாகத்தானே செய்யும் என்பாய். ஓரளவு உண்மை. ஆனால் வெப்பப் படத்தின் உண்மையான கட்டம் 100 மீட்டர். தரவிறக்கும்போது தெரியும் 30 மீட்டர், பின்னால் நறுக்கிக் கொடுத்தது. ஒரே கட்டத்தில் பல கடைவீட்டுக் கூரைகள், பின்சந்து, சாலை, மரம் எல்லாம் கலந்துவிடும். மக்கள் நடக்கும் அஞ்சடி நடைபாதையோ கூரைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. சுவர்களும் மேலிருந்து தெரியாது. நேரமும் பொருந்தாது. லேண்ட்சாட் இங்கே கடப்பது காலை 11 மணி வாக்கில். அதிலும் மேகமில்லாத நாள்தான் பயன்படும். நகரத்துக்கும் புறத்துக்கும் இடையிலான காற்று வெப்ப வேறுபாடு பெருகுவது இரவில். சௌ, ரோத் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சிங்கப்பூரைப் பற்றி 2006-இல் வெளியிட்ட ஆய்வில் அது 7 டிகிரி வரை போனது.

அதற்காகப் படத்தைத் தூக்கி எறியாதே. எந்தப் பரப்பு வெயிலில் எப்படிச் சூடேறுகிறது, மரம் நட்ட இடம் ஆண்டுக்காண்டு எப்படி மாறுகிறது என்று ஒப்பிட அது நல்ல கருவிதான். தலைப்பில் ‘மேற்பரப்பு வெப்பநிலை’ என்று திருத்து. நாள், மணி, உமிழ்திறன் மூன்றையும் அடியில் எழுதி மறுபடி அனுப்பு.