பனிக்காலையில் பழைய டீசல் வண்டி அடம்பிடிக்கிறதா?

தை மாத விடியலில் நுவரெலியாப் பக்கம் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்கும். இறம்பொடை ஏற்றத்தில் பழைய லொறி, வேன் ஓட்டுவோர் கவனிக்க:

1. இரவே டாங்கியை நிரப்புங்கள். வெற்றிடம் குறைந்தால் ஈரம் படிந்து நீர் சேராது.

2. டீசல் பில்டரில் தேங்கும் நீரை அடிக்கடி வடித்துவிடுங்கள். நீர் பம்பை அரிக்கும்.

3. ஹீட்டர் விளக்கு அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். சூடேறாவிட்டால் டீசல் லேசில் பற்றாது.

4. அடிட்டிவ் வாங்கினால் சீட்டேன் கூட்டும் வகையைக் கேளுங்கள். அதுதான் குளிரில் சீக்கிரம் பற்ற உதவும்.

5. போத்தலில் குறித்த அளவை, டீசல் அடிக்கும் முன்பே ஊற்றுங்கள். அடிக்கும் வேகத்தில் நன்றாகக் கலந்துவிடும்.

6. மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். வழுவழுப்புக் குறைந்து பம்ப் தேயும்.

7. அப்போதும் கிளம்பாவிட்டால் குளோ பிளக், பற்றரியைச் சோதியுங்கள். பழுதை அடிட்டிவ் தீர்க்காது.