சிறு பிள்ளைகளுக்கான உணவின் அளவைத் தீர்மானித்தல்

க.பொ.த. (சாதாரண தரம்) மனைப்பொருளியல் – மீட்டற் பாடம்

இப்பாடத்தைக் கற்றபின் உங்களால்,
• பிள்ளையின் வயதுக்கேற்ற உணவின் அளவையும் வேளைகளின் எண்ணிக்கையையும் கூறவும்,
• அளவுடன் உணவின் தடிப்பையும் சேர்த்து மதிப்பிடவும்,
• தரப்பட்ட ஒரு சந்தர்ப்பத்தை ஆராய்ந்து திருத்தங்களை முன்வைக்கவும் முடிதல் வேண்டும்.

1. அறிமுகம்

"பிள்ளைக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு உணவு கொடுக்க வேண்டும்?" என்ற வினாவுக்குப் பல மாணவர்கள் "வயிறு நிறையும் வரை" என எழுதிவிடுகின்றனர். இவ்விடை போதுமானதன்று. வயிறு நிறைந்தும் போசணை குறைந்த பிள்ளைகள் பலர் உள்ளனர்.

2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றிக் காணப்பட்டனர். பெருந்தோட்டத் துறையில் இது ஏறத்தாழ 32 சதவீதமாகும். அதாவது தோட்டங்களில் மூன்று பிள்ளைகளுள் ஒருவர் உயரம் குன்றியிருந்தார். இதற்கு வறுமை, தாயின் போசணை, தொற்றுநோய்கள், சுத்தமான நீரின்மை எனப் பல காரணங்கள் உண்டு. உணவூட்டும் முறையும் அவற்றுள் ஒன்று. வீட்டிலுள்ளவர்கள் அறிந்தால் உடனே திருத்தத் தொடங்கக்கூடிய காரணமும் இதுவே.

2. இரைப்பையின் கொள்ளளவு

சிறு பிள்ளையின் இரைப்பை ஒரு வேளையில் கொள்ளக்கூடிய அளவு, உடல் நிறையின் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் எனக் கணிக்கப்படுகிறது.

8 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளைக்கு: 8 × 30 = 240 மில்லிலீற்றர்.

இது ஏறத்தாழ ஒரு கோப்பை அளவாகும். வளர்ந்தவரைப் போல மூன்று வேளை மட்டும் உண்டு பிள்ளையால் தேவையை நிறைவு செய்ய முடியாது. எனவே உணவு சிறிய அளவில், தடிப்பாக, அடிக்கடி வழங்கப்பட வேண்டும். இம்மூன்றையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

3. வயதுக்கேற்ற அளவுகள்

ஆறு மாதம் நிறைவடையும் வரை தாய்ப்பால் மட்டுமே போதுமானது. அதன்பின் மேலதிக உணவு ஆரம்பிக்கப்பட வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் தாய்ப்பால் பெறும் பிள்ளைகளுக்கெனப் பயன்படுத்திவரும் வழிகாட்டல் பின்வருமாறு. (ஒரு கோப்பை = 250 மில்லிலீற்றர்)

6 – 8 மாதம்: 2 – 3 மேசைக்கரண்டியில் ஆரம்பித்துப் படிப்படியாக அரைக் கோப்பை வரை. நாளொன்றுக்கு 2 – 3 வேளை. மசித்த, தடிப்பான உணவு.

9 – 11 மாதம்: அரைக் கோப்பை. 3 – 4 வேளை. நன்கு நறுக்கிய அல்லது அரைகுறையாக மசித்த உணவு. பிள்ளை கையால் எடுத்து உண்ணக்கூடியவையும் சேரலாம்.

12 – 23 மாதம்: முக்கால் கோப்பை முதல் ஒரு கோப்பை வரை. 3 – 4 வேளை. குடும்ப உணவு, தேவையாயின் மசித்துக் கொடுக்கலாம்.

இவற்றுடன் தேவைக்கேற்ப 1 – 2 சிற்றுணவுகளும் வழங்கப்படலாம். இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடர வேண்டும். தாய்ப்பால் பெறாத பிள்ளைக்கு மேலும் 1 – 2 வேளை உணவும் 1 – 2 கோப்பை பாலும் தேவை.

2 – 5 வயது: மூன்று பிரதான வேளைகளும் இரண்டு சிற்றுணவுகளும். மேலைநாடுகளில் "ஒரு வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் ஒவ்வோர் உணவிலும்" என்ற எளிய விதி கற்பிக்கப்படுகிறது. எமது நாட்டில் இதனைக் கறி வகைகளுக்குத் தொடக்க அளவாகக் கொள்ளலாம். சோறு பிரதான உணவாதலால் அது சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். முதலில் சிறிதளவு பரிமாறி, கேட்டால் மீண்டும் கொடுப்பதே நல்லது.

4. சந்தர்ப்ப ஆய்வு

பின்வரும் சந்தர்ப்பத்தைக் கவனமாக வாசியுங்கள்.

லிந்துலைப் பகுதியிலுள்ள தோட்டமொன்றில் 15 மாதப் பெண் குழந்தை உள்ளது. நிறை 8 கிலோகிராம். தாய் காலையில் கொழுந்து பறிக்கச் சென்று மாலையிலேயே திரும்புகிறார். காலையும் இரவும் தாய்ப்பால் கொடுக்கிறார். பகலில் அப்பாயி பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். மூன்று வேளையும் நீர்த்த சோற்றுக்கஞ்சி, வேளைக்கு 200 மில்லிலீற்றர் வீதம் ஊட்டப்படுகிறது. குளிருக்கு இதமாக இடையிடையே சீனி போட்ட சாயத்தண்ணியும் கொடுக்கப்படுகிறது. நிறை கூடவில்லை எனக் குடும்பநல உத்தியோகத்தர் கூறியபோது அப்பாயி, "வயிறு நெறையத்தானே குடிக்குது, இதுக்கு மேல ஊட்டுனா கக்கிருது" என்றார்.

அப்பாயி கூறுவது உண்மை. பிள்ளைக்கு 200 மில்லிலீற்றர் குறைந்த அளவன்று. அப்படியாயின் குறை எங்கே? கணித்துப் பார்ப்போம்.

இவ்வயதில் மேலதிக உணவிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 550 கிலோகலோரி கிடைக்க வேண்டும். நீர்த்த கஞ்சியின் ஒரு மில்லிலீற்றரில் 0.4 கிலோகலோரியும், பருப்புடன் மசித்த தடிப்பான சோற்றில் 0.8 கிலோகலோரியும் உள்ளன எனக் கொள்வோம்.

நீர்த்த கஞ்சி: 200 × 3 × 0.4 = 240 கிலோகலோரி
தடிப்பான உணவு: 200 × 3 × 0.8 = 480 கிலோகலோரி

அளவு ஒன்றே, கிடைத்த சக்தி இருமடங்கு. கஞ்சியால் மட்டும் 550 கிலோகலோரியைப் பெற 1375 மில்லிலீற்றர் குடிக்க வேண்டும். 240 மில்லிலீற்றர் கொள்ளும் இரைப்பையை அதற்காக ஏறத்தாழ ஆறு தடவை முழுமையாக நிரப்ப வேண்டும். இது நடைமுறையில் இயலாதது.

சாயத்தண்ணியும் இச்சிறிய இரைப்பையில் இடம்பிடித்துக்கொள்கிறது. அதிலுள்ள தனின் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. எனவே சிறு பிள்ளைகளுக்குத் தேநீர் உகந்ததன்று.

திருத்தங்கள்:
• கஞ்சிக்குப் பதிலாகச் சோற்றையும் பருப்பையும் மசித்துக் கொடுத்தல். கரண்டியைச் சரித்தால் உணவு ஒழுகிவிடாமல் நிற்க வேண்டும்.
• ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் சேர்த்தல். ஏறத்தாழ 40 கிலோகலோரி கூடும், அளவு கூடாது.
• முட்டை, இடித்த நெத்தலி, பாசிப்பயறு ஆகியவற்றுள் ஒன்றையும், கெரட், கீரை போன்ற மரக்கறியையும் தினமும் சேர்த்தல்.
• சாயத்தண்ணி கொடுக்கும் நேரத்தில் வாழைப்பழம் அல்லது அவித்த உருளைக்கிழங்கைச் சிற்றுணவாகக் கொடுத்தல். தாகத்துக்குக் கொதித்தாறிய நீர் போதும்.
• திரிபோஷா கிடைக்குமாயின் அதனை அப்பிள்ளைக்கே கொடுத்தல். 750 கிராம் பொதி ஒன்று, நாளொன்றுக்கு 50 கிராம் வீதம், ஒரு பிள்ளைக்கு 15 நாட்களுக்கு உரியது. ஐவர் பகிர்ந்துண்டால் பிள்ளைக்கு 10 கிராமே கிடைக்கும்.

5. போதும் என்பதை யார் தீர்மானிப்பது?

எதனை, எப்போது கொடுப்பது என்பதை வளர்ந்தவர் தீர்மானிக்க வேண்டும். எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளை காட்டும் குறிப்பிலிருந்து அறிய வேண்டும்.

பசிக் குறிப்புகள்: வாயைத் திறத்தல், கரண்டியை நோக்கிச் சாய்தல், உணவைச் சுட்டிக்காட்டுதல்.
போதும் என்ற குறிப்புகள்: முகத்தைத் திருப்புதல், கரண்டியைத் தள்ளுதல், உணவை விழுங்காது வாயில் வைத்திருத்தல்.

வற்புறுத்தி ஊட்டினால் பிள்ளை உணவை வெறுக்கும். அளவுக்கு மீறிப் பரிமாறுவதும் தவறாகும். அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், பெரிய அளவில் பரிமாறியபோதும் மூன்று வயதளவான பிள்ளைகள் ஏறத்தாழ ஒரே அளவையே உண்டனர். ஐந்து வயதளவான பிள்ளைகளோ கூடுதலாக உண்டனர். சிறு வயதில் தன் பசியறிந்து உண்ணும் பிள்ளை, வளர வளரத் தட்டிலுள்ள அளவைப் பார்த்து உண்ணப் பழகுகிறது என்பதை இது காட்டுகிறது.

பிள்ளைக்குத் தனிக் கிண்ணம் இருத்தல் அவசியம். ஒரே தட்டிலிருந்து பலர் உண்டால் பிள்ளை எவ்வளவு உண்டது என்பது எவருக்கும் தெரியாது. நோயுற்ற காலத்தில் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுத்து, குணமானபின் சுமார் இரு வாரங்களுக்கு நாளொன்றுக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

நாம் தீர்மானித்த அளவு சரியானதா என்பதை இறுதியில் காட்டுவது வளர்ச்சி வரைபடமே. மாதாந்தம் நிறுத்துக் குறிக்கும்போது கோடு மேல்நோக்கிச் செல்ல வேண்டும். கோடு கிடையாகச் சென்றால் பிள்ளை சுறுசுறுப்பாக இருப்பினும் குடும்பநல உத்தியோகத்தரை நாட வேண்டும்.

6. மாதிரி வினாக்கள்

(1) 10 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளையின் இரைப்பையின் கொள்ளளவைக் கணிக்குக. (2 புள்ளிகள்)
(2) 10 மாதப் பிள்ளைக்கு உகந்த உணவின் அளவு, வேளைகள், தன்மை ஆகியவற்றைக் குறிப்பிடுக. (3 புள்ளிகள்)
(3) "வயிறு நிறைதல் வேறு, போசணை நிறைதல் வேறு." மேற்படி சந்தர்ப்பத்தைக் கொண்டு விளக்குக. (5 புள்ளிகள்)

விடைக் குறிப்புகள்

(1) 10 × 30 = 300 மில்லிலீற்றர். அலகை எழுதாவிடின் புள்ளி இழக்க நேரிடும்.
(2) அரைக் கோப்பை; 3 – 4 வேளை; நறுக்கிய அல்லது அரைகுறையாக மசித்த உணவு.
(3) இரைப்பை சிறியது. கஞ்சியில் நீர் அதிகம், சக்தி குறைவு. 240, 480 என்ற ஒப்பீடு. தனின் இரும்பு உறிஞ்சலைத் தடுத்தல். ஏதேனும் ஒரு திருத்தம். அப்பாயி மீது குறை கூறுவதை விடையாக எழுத வேண்டாம். காரணத்தையும் திருத்தத்தையும் எழுதுங்கள்.

செயற்பாடு

500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலொன்றை நிரப்பி, ஒரே அளவான இரு கோப்பைகளில் சமமாகப் பங்கிடுங்கள். ஒவ்வொன்றிலும் 250 மில்லிலீற்றர் இருக்கும். அம்மட்டத்தையும், அதன் அரை, முக்கால் மட்டங்களையும் கோப்பையில் அடையாளமிடுங்கள். வீட்டில் தம்பியோ தங்கச்சியோ இருப்பின் இன்றிரவு உண்ணும் அளவை அதில் அளந்து, மேலேயுள்ள அளவுகளுடன் ஒப்பிட்டு, அம்மாவிடம் கூறுங்கள்.