பர்வ நாட்களும் நோயாளர் பணிவிடையும்

பாத்திரபத மாதத்து வளர்பிறைப் பஞ்சமி தொடங்கிச் சதுர்த்தசி ஈறாகப் பத்து நாட்கள் தசலட்சண பர்வம் நிகழ்கின்றது. ஜினாலயங்களில் அபிடேகமும் பூசையும் நடைபெறும். பொறுமை முதல் பிரமசரியம் ஈறாக, நாளுக்கு ஒன்றாகப் பத்துத் தருமங்களும் விரித்துரைக்கப்பெறும். இல்லந்தோறும் அவரவர் ஆற்றலுக்கேற்ப நோன்பு மேற்கொள்வர். ஆயினும், ஒவ்வோர் ஊரிலும் இரண்டொரு இல்லத்தார் அந்நாட்களில் கோயிலில் காணப்படுவதில்லை. அவ்வில்லங்களில் முதியவர் ஒருவர் படுக்கையில் இருப்பார். அவரை விட்டு அகல இயலாதவராய் மற்றொருவர், பெரும்பாலும் மருமகளோ மகளோ, உடனிருப்பார்.

அத்தகைய இல்லத்து அம்மையார் ஒருவர் நம்மிடம் கூறிய சொற்களே இப்பாடத்திற்குக் காரணமாயின. வாத நோயால் வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் இழந்த மாமியாரை அவர் மூன்றாண்டுகளாகப் பேணி வருகின்றார். “மூன்று பர்வங்களை இழந்துவிட்டேன். கோயிலுக்குப் போகவில்லை, ஒரு நாள் உபவாசமும் இருக்கவில்லை. எனக்குப் புண்ணியம் ஏது?” என்று கேட்டார். அவர் உண்மையிலேயே பர்வத்தை இழந்தாரா? நம் நூல்களைக் கொண்டு ஆராய்வோம்.

நூல்கள் கூறுவன

உமாஸ்வாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம், தவத்தைப் புறத்தவம், அகத்தவம் என இரண்டாக்கி, ஒவ்வொன்றையும் ஆறாகப் பகுக்கின்றது. உண்ணாமை, குறைத்து உண்ணல், சுவை துறத்தல் முதலியவை புறத்தவங்கள். கழுவாய், பணிவு, வையாவிருத்தியம், நூலோதல், பற்றுவிடல், தியானம் ஆகிய ஆறும் அகத்தவங்கள். வையாவிருத்தியம் என்பது பணிவிடை. பணிவிடைக்கு உரியோர் பதின்மரை எண்ணும் சூத்திரத்தில், ‘கிலானர்’ எனப்படும் நோயுற்றவரும் ஒருவராக வைக்கப்பெற்றுள்ளார். அந்நூலின் ஆறாம் அத்தியாயம், தீர்த்தங்கர நாமகருமத்திற்குக் காரணமான பதினாறு பாவனைகளைக் கூறுமிடத்தும் வையாவிருத்தியத்தைச் சேர்த்துள்ளது.

இச்சூத்திரங்கள் துறவறத்தாரை முதன்மையாகக் கருதியவை என்பதை நாம் மறக்கவில்லை. சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வையாவிருத்தியத்தை இல்லறத்தாரின் சிட்சாவிரதங்களுள் ஒன்றாக வைத்தபோதும், துறவியர்க்குச் செய்யும் தொண்டையே குறித்தார். ஆயினும், அருவருப்பின்றி, கைம்மாறு கருதாது, நோயுற்ற உயிரின் துன்பம் நீக்கும் மனநிலை எங்கே பழகப்படுகின்றது? பெற்றோரின் படுக்கையருகில் அதனைப் பழகாதவர், முனிவர் வந்தபோது திடீரென அதனைப் பெற்றுவிடுவாரா?

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவது உவர்ப்பின்மை. அதற்கு எடுத்துக்காட்டாக நம் நூல்கள் கூறுவது உத்தாயன மன்னன் வரலாறு. தேவன் ஒருவன் அவன் உறுதியைச் சோதிக்க நோயுற்ற முனிவர் வடிவில் வந்தான். அளித்த உணவை உண்டு, நாற்றமெழ உமிழ்ந்தான். அருகிருந்தோர் விலகியோடினர். மன்னனும் அரசி பிரபாவதியும் மட்டும் நின்று துடைத்துத் தூய்மை செய்தனர். மன்னன் நோயாளரை நொந்துகொள்ளவில்லை. தான் இட்ட உணவே பிழையாயிற்றோ என்று வருந்தினான். அழுக்குத் துணியை மாற்றும் ஒவ்வொரு முறையும் அவ்வம்மையார் செய்வது இதனையே. அவர் உண்ணாநோன்பை இழந்திருக்கலாம், தவத்தை இழக்கவில்லை.

சக்திக்கேற்ற தவம்

மேற்கூறிய பதினாறு பாவனைகளில் தியாகமும் தவமும் ‘சக்திக்கு ஏற்ப’ என்னும் அடையுடனேயே கூறப்பெற்றுள்ளன. நோயாளர் உள்ள இல்லத்தில் இச்சொல்லைப் பொன்னே போல் போற்ற வேண்டும்.

பர்வம் வந்ததும், வாழ்நாளெல்லாம் நோன்பிருந்த முதியவர் இவ்வாண்டும் உபவாசம் இருப்பேன் என்று பிடிவாதம் செய்வதுண்டு. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர் உண்ணாதிருந்தால் இரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம் தோன்றி, நினைவிழப்பும் நேரலாம். அதற்கு அஞ்சி மருந்தைத் தாமே நிறுத்துவதும் தீங்கே. முதியோர்க்குத் தாகவுணர்வு குறைவாதலின், நீரின்றி உடல் விரைவில் வறளும். ஆகவே பர்வத்திற்கு முன்னரே மருத்துவரைக் கலந்து முடிவு செய்க. இரவுண்ணாமையைப் போற்றும் இல்லத்தார் அதனையும் அவரிடம் எடுத்துரைத்தால், பல மருந்துகளைப் பகற்பொழுதிலேயே கொள்ளுமாறு அவர் வகுத்துத் தரக்கூடும். இரவில் கொடுத்தே தீர வேண்டும் என்பதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

நோன்பை விரும்பும் நோயாளரை, “உமக்கு எதற்கு இதெல்லாம்?” என்று தடுத்தல் அவர் மனத்தைப் புண்படுத்தும். உடல்நலத்திற்குத் தேவையற்ற ஒரு சுவையைப் பத்து நாட்கள் விடுதல், ஒரு நாழிகை மௌனம், நூல் கேட்டல் என அவரால் இயன்றதொரு நியமத்தை அவரே தேர்ந்துகொள்ளட்டும். பணிவிடை செய்பவரும் இவ்வாறே. நாளெல்லாம் ஒருவரைத் தூக்கி அமர்த்தி, இரவில் விழித்திருப்பவர் முழு உபவாசத்தால் தலைசுற்றி விழுந்தால், துன்புறுவோர் இருவராவர்.

படுக்கையருகில் பர்வம்

1. நோயாளரின் அன்றாட ஒழுங்கைப் பண்டிகைக்காக மாற்றலாகாது. தாமே புரள இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தல் வேண்டும். தவறினால் இடுப்பின் பின்புறம், குதிகால், முழங்கை ஆகிய இடங்களில் புண் உண்டாகும். பூசையும் விருந்தும் இந்நேரங்களுக்கு இடையில் அமையட்டும்.

2. கோயிலுக்கு வர இயலாதவரிடம் கோயிலின் ஒலியேனும் செல்லட்டும். பஞ்சநமஸ்கார மந்திரத்தை அருகமர்ந்து மெதுவாகச் சொல்லுங்கள். ஸ்ரீபுராணத்தில் ஒரு பகுதியைப் பத்து நிமிடங்கள் படியுங்கள். நூலோதலும் அகத்தவமாதலின், அச்சிறு பொழுதில் இரண்டு தவங்கள் ஒருங்கே நிகழ்கின்றன. வாதத்தால் பேச்சிழந்தவர் சிலர், இளமைமுதல் பழகிய மந்திரத்தைப் பிறர் சொல்லக் கேட்டுத் தாமும் உடன் சொல்வதுண்டு. சொல்லாவிடினும், பேச்சில்லாதவருக்குச் செவியும் இல்லை என்று எண்ணி, அவர் முன்னிலையில் அவர் நோயைப் பற்றி உரையாடலாகாது.

3. காண வருவோர் ஓரிருவராக வருதல் நலம். நினைவு தடுமாறும் முதியோர்க்குக் கூட்டமும் இரைச்சலும் கலக்கத்தை மிகுவிக்கும். சளி, காய்ச்சல் உடையோர் குணமான பின்னரே வருக.

4. அன்பு மிகுதியால் வடை, முறுக்கு, உதிரும் இனிப்பு முதலியவற்றை வாயில் ஊட்டிவிடுவோர் உளர். விழுங்கும் ஆற்றல் குறைந்தவருக்கு அவை மூச்சுக்குழலை அடைக்கக்கூடும். நிமிர்த்தி அமர்த்தி, அவருக்கென மருத்துவர் கூறிய பக்குவத்தில் சிறிது சிறிதாக ஊட்டி, அதன் பின்னரும் அரைமணி நேரம் அமர்ந்திருக்கச் செய்க.

5. ஒரு நாழிகைதானே என்று நோயாளரைத் தனியே விட்டுக் கோயில் செல்லாதீர். தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்குமிடத்து, பிரமாதத்தால், அதாவது விழிப்பின்மையால், உயிர்க்கு ஊறு செய்தல் என்றே கூறுகின்றது. கட்டிலிலிருந்து விழுந்த முதியவரை நினைந்தால் இச்சொல்லின் பொருள் நன்கு விளங்கும்.

தீபாவளியில் ஓர் எச்சரிக்கை

பகவான் மகாவீரர் பொ.ஆ.மு. 527-இல் பாவாபுரியில் நிர்வாணம் எய்திய நாளைத் தீப ஒளியால் போற்றுவது நம் மரபு. வெடி வெடிப்பது சிற்றுயிர்களுக்குத் தீங்காவது போலவே, மூச்சுநோய் உற்றவருக்கும் புகையாலும் ஓசையாலும் தீங்காகும். ஆக்சிஜன் உருளையோ கருவியோ வைத்துள்ள இல்லத்தில் மற்றொன்றும் கருதத்தக்கது. ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் சிறு பொறியும் பெருந்தீயாகும். துணியும் தலைமயிரும் எளிதில் பற்றிக்கொள்ளும். அவ்வறையில் அகல்விளக்கு, கற்பூரம், ஊதுவத்தி எதனையும் ஏற்றலாகாது. வேறோர் அறையிலோ வாயிற்புறத்திலோ விளக்குகளை வரிசையாக வைத்து, கதவின் வழியே நோயாளர் காணச் செய்யலாம்.

சங்கத்தின் கடமை

இதுவரை கூறியன அவ்வில்லத்தார்க்கு. இனிக் கூறுவது நமக்கு. வையாவிருத்தியம் தவமாகும் என்று ஓர் அம்மையாரிடம் சொல்லிவிட்டு, அத்தவம் முழுவதையும் அவர் தலையில் வைத்துவிட்டு நாம் பூசைக்குச் செல்வது முறையாகுமா? நற்காட்சியின் உறுப்புகளில் தளர்வோரை நிலைநிறுத்தலும் அறத்தோர்பால் அன்புடைமையும் உள்ளன. அவை கோயில் மண்டபத்தில் மட்டும் காட்டுதற்குரியன அல்ல.

பர்வம் பத்து நாட்கள். ஊரில் பத்து இல்லத்தார் முன்வந்து, நாளுக்கு ஓர் இல்லமாக, இரண்டு மணி நேரம் நோயாளருடன் இருந்தால், பணிவிடை செய்பவர் பத்து நாளும் அபிடேகம் காணலாம். முதல் நாளுக்கு முன்பே சென்று, பக்கம் மாற்றும் முறையையும் நீர் ஊட்டும் முறையையும் அவரிடம் கற்றுக்கொள்க. மருந்து நேரம், மருத்துவரின் தொலைபேசி எண், நோயாளரின் விருப்பு வெறுப்பு ஆகியவற்றை அவர் ஒரு தாளில் எழுதிக் கட்டிலருகே ஒட்டி வைக்கட்டும். இப்பணி பெண்டிர்க்கே உரியது என்று ஆடவர் ஒதுங்கலாகாது. உத்தாயனன் அரசனாயிருந்தும் தன் கையாலேயே துடைத்தான். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இல்லத்திலேயே நோயாளர்க்கு ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அளிக்கும் நோக்கமுடையது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறிந்து சொல்வதும் ஒரு தொண்டேயாகும்.

மன்னிப்பு நாள்

பர்வம் நிறைவுற்றபின் க்ஷமாவணி நாளில் ஒருவரையொருவர் மன்னிப்புக் கேட்கின்றோம். தொலைவிலுள்ளோர்க்கு மடல் எழுதுகின்றோம். ஆனால், ஆண்டு முழுவதும் ஒரே அறையில் இருக்கும் இருவர்க்கிடையேதான் கடுஞ்சொல் மிகுதியாகப் பிறக்கின்றது. அதனை மறைப்பதில் பயனில்லை. உறக்கமிழந்த உடலில் சினம் எளிதில் எழும்.

மேற்கூறிய அம்மையாரை அண்மையில் மீண்டும் கண்டோம். நடு இரவில் நான்காம் முறையாக விரிப்பை மாற்றியபொழுது, “இன்னும் எத்தனை நாளோ!” என்று மாமியார் காதில் விழவே கூறிவிட்டதாகச் சொன்னார். க்ஷமாவணி நாளன்று கட்டிலருகே அமர்ந்து, “அத்தை, அன்றைக்குச் சொன்னதை மன்னியுங்கள்” என்று கைகூப்பினாராம். பேச இயலாத அம்முதியவர், இயங்கும் இடக்கையால் மருமகளின் கையைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் விடவில்லையாம். “இந்த ஆண்டுதான் எனக்குப் பர்வம் முழுதாக நடந்தது” என்றார் அவர். அவர் கேட்ட வினாவிற்கு அவரே விடை கூறிவிட்டார்.

சிந்திக்க

1. அகத்தவம் ஆறனுள் நோயாளர் படுக்கையருகில் இயற்றக்கூடியவை எவை?
2. ‘சக்திக்கு ஏற்ப’ என்னும் சொல்லை இவ்வாண்டு நம் இல்லத்தில் யார்பொருட்டு நினைவிற்கொள்ள வேண்டும்?
3. நம் ஊரில் பர்வ நாட்களில் கோயிலுக்கு வர இயலாத இல்லங்கள் எவை? அவற்றுள் எதற்கு, எந்த நாளில், எந்த இரண்டு மணி நேரம் நாம் செல்லப்போகின்றோம்?

மூன்றாம் வினாவின் விடையைப் பர்வம் தொடங்குமுன் எழுதி, அவ்வில்லத்தாரிடம் கொடுத்துவிடுக.