முதல் வேட்டைப் பயணமா? தென்னாப்பிரிக்கா செல்வோர் கவனத்துக்கு

முதல் பயணத்திலேயே காட்டெருமை, யானை என்று ஆசைப்பட வேண்டாம். இம்பாலா, குடு, ஜெம்ஸ்பாக் போன்ற மான் வகைகளே நல்ல தொடக்கம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை புல் காய்ந்து, இலை உதிர்ந்து, விலங்குகள் எளிதில் கண்ணில் படும். அங்கே அது குளிர்காலம். விடியற்காலையில் திறந்த வண்டியில் போகக் கம்பளி உடையும் கையுறையும் தேவை.

நாள் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வீழ்த்தும் ஒவ்வொரு விலங்குக்கும் தனிக் கட்டணம் உண்டு. அது காயம்பட்டுத் தப்பி ஓடினாலும் முழுத் தொகையையும் கட்டுவதுதான் பொதுவான வழக்கம். கொம்பையும் தோலையும் பதப்படுத்தி அனுப்புவது வேறு கணக்கு. எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கொம்பையும் தோலையும் உங்கள் நாட்டுக்குள் கொண்டுவரச் சட்டம் இடம் தருகிறதா என்பதை முன்பணம் கட்டும் முன்பே விசாரியுங்கள்.

சொந்தத் துப்பாக்கி கொண்டுபோனால் அந்நாட்டுக் காவல்துறையின் 520 எண் படிவம் வேண்டும். கறுப்பு மையில் நிரப்புங்கள். கையெழுத்தை அதிகாரியின் முன்னால் போடுங்கள். முகாமிலேயே வாடகைக்கு எடுத்தால் இந்த அலைச்சல் இல்லை.

மிக முக்கியமானது பயிற்சி. அங்கே பெரும்பாலும் மூன்று கால் தாங்கியில் துப்பாக்கியைச் சார்த்தி, நின்றபடியே சுட வேண்டியிருக்கும். புறப்படுவதற்குப் பல மாதங்கள் முன்பே அப்படிச் சுட்டுப் பழகுங்கள். ஒரு விலங்கைக் காயத்தோடு அலையவிடுவது கொடுமை. குறி உறுதியில்லையென்றால் சுடாதீர்கள். நல்ல வழிகாட்டி அதற்காகக் கோபிக்க மாட்டார்.

லிம்போப்போ மாகாணத்தின் தாழ்நிலப் பகுதிகளில் மலேரியா உண்டு. கிளம்பும் முன் மருத்துவரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள்.