எட்டு மணி நேரம் தூங்கியும் அடித்துப் போட்ட மாதிரி

கேள்வி: எனக்கு 25 வயது. வேளச்சேரியில் நண்பர்கள் மூவரோடு வாடகை வீட்டில் தங்கி, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். இரவு 12 மணிக்குப் படுத்து 8 மணிக்கு எழுகிறேன். எழும்போதே உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது, சில நாள் தலைவலியும் உண்டு. மதியம் மீட்டிங்கில் கண் சொருகுகிறது. சனி, ஞாயிறு 11 மணி வரை தூங்கினாலும் தீரவில்லை. ரத்தப் பரிசோதனை செய்தேன், எல்லாம் நார்மல் என்றார்கள். ஊரில் அம்மா, போனைக் கீழே வைத்தால் சரியாகிவிடும் என்கிறார். அப்பா சோம்பேறித்தனம் என்கிறார். ஒல்லியான உடம்புதான். நல்ல டானிக் ஏதாவது சொல்லுங்கள் டாக்டர்.

பதில்: டானிக்கைக் கடைசியில் பார்ப்போம் தம்பி. முதலில் ஒரு சொல்லைப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

என்னிடம் வரும் இளைஞர்களில் பலர் "டயர்டா இருக்கு டாக்டர்" என்று சொல்லிக்கொண்டேதான் உட்காருகிறார்கள். ஒருவருக்கு அதன் பொருள் தூக்கம். பஸ்ஸில் உட்கார்ந்தால் இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிப் போய்விடும். இன்னொருவருக்கு உடம்பு கனம். மாடிப்படி ஏறினால் கால் இழுக்கும், ஆனால் மதியம் படுத்தாலும் தூக்கம் வராது. மூன்றாமவருக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை, அதை உடம்பின் மேல் போட்டுச் சொல்கிறார். தூக்கக் கலக்கம், அசதி, மனச்சோர்வு என்று நமக்குத் தனித்தனிச் சொற்கள் இருந்தன. 'டயர்டு' வந்து மூன்றையும் விழுங்கிவிட்டது. இதில் நஷ்டம் நோயாளிக்குத்தான். முதலாமவரின் தூக்கத்தை ஆராய வேண்டும், இரண்டாமவரின் ரத்தத்தைப் பார்க்க வேண்டும், மூன்றாமவரிடம் அவசரமில்லாமல் பேச வேண்டும். மூவருக்கும் ஒரே மல்ட்டிவிட்டமின் மாத்திரையை எழுதிக் கொடுத்தால் யாருக்கும் தீராது. மூன்றும் ஒரே ஆளிடம் கலந்திருப்பதும் உண்டு.

நீங்கள் எந்த வகை? ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் எப்வொர்த் மருத்துவமனையைச் சேர்ந்த மரே ஜான்ஸ் 1991-இல் ஓர் எளிய அளவுகோலை வெளியிட்டார். எட்டுச் சூழல்கள்: புத்தகம் படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, மீட்டிங் போன்ற இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, ஒரு மணி நேரம் காரில் பயணியாகப் போகும்போது, மதியம் படுத்தால், ஒருவரோடு உட்கார்ந்து பேசும்போது, சாப்பிட்டுவிட்டு அமைதியாக உட்கார்ந்தால், சிக்னலில் கார் நிற்கும்போது. ஒவ்வொன்றிலும் தூங்கிவிடும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை நீங்களே மதிப்பெண் போடலாம். மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் அந்தத் தூக்கக் கலக்கத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவேன் என்று 2 அல்லது 3 போடுகிறவரை நான் மறுநாளுக்குத் தள்ளிவைக்க மாட்டேன். கண் சொருகுகிறது என்று நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது பெரும்பாலும் முதல் வகை என்றே நினைக்கிறேன்.

இப்போது அந்த எட்டு மணி நேரக் கணக்கு. 12-இலிருந்து 8 வரை நீங்கள் படுக்கையில் இருக்கிறீர்கள், தூங்குவது எவ்வளவு என்று உங்கள் கடிதத்தில் இல்லை. போனை வைக்கும்போது 12.45 ஆகியிருக்கலாம். 7.15-இலிருந்து அலாரத்தை அணைத்து அணைத்துப் படுத்திருந்தால் அந்த முக்கால் மணி நேரமும் அரைகுறைத் தூக்கம்தான். மீதி ஆறரை மணி. உங்கள் வயதுக்கு ஏழு மணி நேரமாவது தேவை. சிலருக்கு ஒன்பதும் வேண்டியிருக்கும். லீவு நாளில் 11 மணி வரை தூக்கம் இழுக்கிறது என்றால் வாரம் முழுக்கக் கடன் ஏறியிருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அந்தக் கடனை ஒரே மூச்சில் அடைக்கப் போய் இன்னொரு வம்பை இழுத்துக்கொள்கிறீர்கள். சனிக்கிழமை இரவு 2 மணிக்குப் படுத்து 11-க்கு எழுந்தால் உங்கள் தூக்கத்தின் நடுப்புள்ளி அதிகாலை 4 மணியிலிருந்து ஆறரைக்குத் தள்ளிப்போகிறது. இரண்டரை மணி நேர வித்தியாசம். ஒவ்வொரு வாரமும் வெள்ளிக்கிழமை ரியாத்துக்குப் போய்த் திங்கட்கிழமை சென்னை திரும்புகிறவரின் உடம்பு நிலைமை உங்களுடையது. ஜெர்மானிய ஆய்வாளர் டில் ரோனபெர்க் இதற்கு 'சோஷியல் ஜெட் லேக்' என்றே பெயர் வைத்தார்.

இதில் அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் உடம்பின் கடிகாரம் இயல்பாகவே பிந்தி ஓடும். சிலருக்கு மிகவும் பிந்தும்; இரவு 3 மணிக்கு முன் தூக்கமே வராது, அவர்கள் போக்கில் விட்டால் காலை 11 வரை அருமையாகத் தூங்கித் தெளிவாக எழுவார்கள். அது சோம்பேறித்தனமன்று, கடிகாரப் பிசகு. எழும் நேரத்தை ஏழு நாளும் ஒன்றாக வைத்து, எழுந்ததும் மொட்டை மாடியில் அரை மணி வெயில் வெளிச்சத்தில் நின்றால் கடிகாரம் மெல்ல முன்னால் வரும். அம்மா சொன்ன போன் விஷயம் பாதி சரி. திரை வெளிச்சத்தைவிட, போன் தின்னும் நேரம்தான் பெரிய சேதம்.

கணக்கெல்லாம் சரியாக இருந்து, நிஜமாகவே ஏழரை, எட்டு மணி நேரம் தூங்கியும் கண் சொருகினால்? அங்கேதான் எனக்கு உங்கள் காலைத் தலைவலி உறுத்துகிறது.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து தொண்டையில் மூச்சு வழி அடைபடுவதை ஸ்லீப் ஆப்னியா என்கிறோம். குறைந்தது பத்து விநாடி மூச்சு நிற்கும். மூளை பதறி அரைகுறையாக விழிக்கும், வழி திறக்கும், மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. மணிக்கு ஐந்து தடவை நடந்தாலே அது கணக்கில் வரும். 30-ஐத் தாண்டினால் தீவிரம். இத்தனை விழிப்பும் காலையில் ஞாபகம் இருக்காது. "நல்லாத்தான் தூங்கினேன்" என்றே சொல்வார்கள். காலையில் வாய் உலர்ந்திருப்பது, தலைவலி, இரவில் இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுவது, எரிச்சல், மறதி ஆகியவைதான் தடயங்கள். குண்டாக இருப்பவர்களுக்கு, நடுத்தர வயது ஆண்களுக்கு மட்டும் வரும் வியாதி என்று பலரும் நினைப்பதால் ஒல்லியான இளைஞர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள், அதாவது கண்டுபிடிக்கப்படாமல் போகிறார்கள். உள்வாங்கிய கீழ்த்தாடை, பெரிய டான்சில், வளைந்த மூக்குத் தண்டு இருந்தால் எடை குறைவாக இருந்தாலும் இது வரலாம்.

உங்களிடம் ஏற்கெனவே மூன்று பரிசோதனைக் கருவிகள் இருக்கின்றன: கூட இருக்கும் நண்பர்கள். குறட்டை உண்டா என்று கேளுங்கள். தொடர்ந்து ஒரே சீராக வரும் குறட்டையைவிட, சட்டென்று நின்று, அறையே அமைதியாகி, பிறகு 'ஹ்ஹ்க்' என்று திணறித் தொடங்கும் குறட்டைதான் எனக்கு முக்கியம். இரவின் பின்பாதியில், நீங்கள் மல்லாந்து கிடக்கும்போது ஒரு பத்து நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அதை நெஞ்சக நோய் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ காட்டினால் பாதி வேலை முடிந்தது. மீதியைத் தூக்கப் பரிசோதனை சொல்லும். ஒரு இரவு ஆய்வகத்தில் தங்கிச் செய்யலாம். வீட்டிலேயே சிறிய கருவியைக் கட்டிக்கொண்டு தூங்கும் முறையும் இருக்கிறது.

உறுதியானால் காரணத்தைப் பொறுத்துச் சிகிச்சை. டான்சில் என்றால் அறுவை. பலருக்கு சிபாப் என்ற மெஷின். மூக்கில் முகமூடி மாட்டிக் காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும். சிட்னியில் காலின் சல்லிவன் 1981-இல் இதை அறிமுகப்படுத்தியபோது வேக்குவம் கிளீனர் மோட்டாரைத்தான் பயன்படுத்தினார். இன்றைய மெஷின்கள் அதிகம் சத்தம் போடுவதில்லை. "பொண்ணு பாக்கற நேரத்துல இதெல்லாம் எதுக்கு டாக்டர்?" என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டிருக்கிறார். பையன் பெண் வீட்டில் காபி குடிக்கும்போதே தூங்கிவிழுந்தால் பரவாயில்லையா என்று நான் திருப்பிக் கேட்டதை அவர் ரசிக்கவில்லை.

இன்னொரு தூக்கத் திருடன் நம் பாட்டிகளுக்குத் தெரிந்தவன்: கால் குடைச்சல். மாலையானால், படுத்தால், கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வது போல இருக்கும். காலை ஆட்டினால், எழுந்து நடந்தால் குறையும். கிராமத்தில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுப்பார்கள். வயதானவர் சமாச்சாரம் என்று இதை ஒதுக்காதீர்கள், இருபதுகளிலும் வரும். பெண்களுக்கு அதிகம். உடம்பின் இரும்புச் சத்து இருப்பு குறைவது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இரும்பு என்றதும் உங்கள் 'எல்லாம் நார்மல்' ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். எதெல்லாம் பார்த்தார்கள்? ஹீமோகுளோபின், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிட்டு நார்மல் சொல்லும் பேக்கேஜ்கள் நிறைய. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்பு இருப்பு காலியாகிக்கொண்டிருக்கலாம். அதைச் சொல்வது ஃபெரிட்டின் பரிசோதனை. கால் குடைச்சல் உள்ளவருக்கு அது 75-க்குக் கீழே இருந்தால், லேப் தாளில் நார்மல் என்று அச்சடித்திருந்தாலும், இரும்பு கொடுப்பதைப் பற்றி மருத்துவர் யோசிப்பார். இந்தக் கடிதத்தை ஒரு பெண் எழுதியிருந்தால் நான் இங்கிருந்தே தொடங்கியிருப்பேன். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி 15 முதல் 49 வயது வரையான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டுகிறதா, அதிகம் போகிறதா என்று கேட்காமல் இரும்பு மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது. மாத்திரையை டீ, காபியோடு விழுங்கினால் அதிலும் பாதி வீண்.

ஃபெரிட்டினோடு தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், சைவர் என்றால் கட்டாயம் பி12, மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவற்றையும் கேளுங்கள். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிட்டு வந்தால் அதை மருத்துவரிடம் சொல்லி, ரத்தம் கொடுப்பதற்குச் சில நாள் முன்பே நிறுத்துங்கள். அது சில லேப் முறைகளில் தைராய்டு முடிவைப் பொய்யாக்கும். மாலையில் காய்ச்சல், எடை இறக்கம், இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் சேர்ந்திருந்தால் இந்தப் பட்டியலையெல்லாம் விட்டுவிட்டுக் காசநோய்ப் பரிசோதனைக்குப் போங்கள்.

கடையில் வாங்கும் மாத்திரைகளையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தும்மலுக்குப் போடும் செட்ரிசின், சளி மாத்திரைகளில் கலந்திருக்கும் குளோர்ஃபெனிரமின் இரண்டும் மறுநாள் மந்தத்தைத் தரக்கூடியவை. அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையை நண்பரிடமிருந்து வாங்கிப் போடாதீர்கள். பழகிவிடும், மூச்சுத் தடை இருந்தால் ஆபத்தும்கூட. வார இறுதி பீர் தூக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவரும், பின்னிரவில் கலைத்துவிடும். காபி உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். மாலை 5 மணி டிகிரி காபியின் பாதி இரவு 10 மணிக்கும் உங்களோடு விழித்திருக்கிறது. மதியம் 2 மணியோடு நிறுத்திப் பாருங்கள்.

அரிதானவை இரண்டைச் சொல்லி வைக்கிறேன். வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்து மடங்குவது, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையில் உடம்பை அசைக்க முடியாமல் 'அமுக்கும் பேய்' வந்து உட்காருவது அடிக்கடி நடந்தால் நார்கோலெப்சியாக இருக்கலாம். பேய் மட்டும் எப்போதாவது வந்தால் பயமில்லை. சிரிப்பில் முழங்கால் மடங்கினால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்று, ஏதோ ஒரு காய்ச்சலுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு மேல் தீராத அசதி. ஒரு நாள் கொஞ்சம் ஓடியாடினால் அடுத்த இரண்டு நாள் படுக்கை. இவர்களிடம் "ஜிம்முக்குப் போ, சரியாகும்" என்று சொல்வது கொடுமை. அளவாக வேலை, இடையிடையே ஓய்வு என்று பங்கிட்டு வாழப் பழக வேண்டும்.

மனதைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, அதனாலேயே கேட்கிறேன். விடியற்காலை 4 மணிக்கு விழித்து மறுபடி தூக்கம் வராமல் கிடக்கிறீர்களா? பிடித்த கிரிக்கெட், படம், பிரியாணி எல்லாம் சப்பென்று ஆகிவிட்டதா? ஆம் என்றால் மனநல மருத்துவரிடம் போவதில் கூச்சம் வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும், தமிழிலேயே, இலவசமாகப் பேசலாம்.

இன்றிரவு ஒரு நோட்டு எடுங்கள். இரண்டு வாரம், தினமும் காலையில் நான்கே வரி: விளக்கணைத்த நேரம், தூங்கியிருக்கக்கூடிய நேரம், இடையில் எழுந்தது, முழுதாக எழுந்த நேரம். அந்த இரண்டு வாரமும் 7.30-க்கு எழுங்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான். 11 மணிக்குப் போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுங்கள்; அலாரத்துக்கு நூற்றைம்பது இருநூறு ரூபாய்க்குக் கடிகாரம் கிடைக்கும். மதியம் தாங்கவில்லை என்றால் 20 நிமிடம் கண்ணயரலாம், 3 மணிக்கு மேல் வேண்டாம். இரண்டு வாரத்தில் தெளிந்தால் உங்களுக்கு வேண்டியிருந்தது தூக்கம் மட்டும்தான், டானிக் பணம் மிச்சம். தெளியாவிட்டால் நோட்டு, வீடியோ, எட்டுக் கேள்வி மதிப்பெண், பழைய ரிப்போர்ட் நான்கையும் எடுத்துக்கொண்டு ஒரு பொதுநல மருத்துவரிடம் போங்கள். உள்ளே போனதும் "டயர்டா இருக்கு" என்று ஆரம்பிக்காதீர்கள். "போதுமான நேரம் தூங்கியும் பகலில் தூங்கி விழுகிறேன்" என்று சொல்லுங்கள்.

அதுவரை ஆபீசுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வாருங்கள். பைக் சாவி வீட்டிலேயே இருக்கட்டும்.