மனசைத் திறந்தால் எளக்காரமா?

“புருஷங்கிட்ட எல்லாத்தையும் சொல்லாத தாயி, எளக்காரமாப் போயிரும்.”

மதுரை மாவட்டத்து எழுமலைப் பக்கம் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் இந்தப் புத்திமதி காதில் விழுகிறது. வளைகாப்புப் பந்தியில் ஒரு சித்தி சொல்கிறார். உசிலம்பட்டி பஸ்ஸில் ஒரு மதினி, கழுத்தில் மஞ்சள் காயாத புதுப்பெண்ணுக்குச் சொல்கிறார். அக்கறையில்தான் சொல்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் குடும்ப ஆலோசகராக உட்கார்ந்து நான் கேட்கும் சண்டைகளில் எத்தனையோ சண்டைகளின் வேரைத் தோண்டினால் அங்கே இந்தப் புத்திமதிதான் கிடக்கிறது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது போதும்.

இது யாருக்குச் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். மழையை நம்பிக் கிடக்கும் மானாவாரி பூமி இது. இங்கிருந்து பெண்கள் சென்னைக்கு நர்ஸ் வேலைக்கும், திருப்பூருக்கும், கோயம்புத்தூர் பக்கத்து மில்களுக்கும் போகிறார்கள். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற மங்களகரமான பெயரில் மூன்று வருஷம் மில் விடுதிக்குள் அடைந்து கிடந்து, கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் வாங்கிவந்த பெண்கள் தென்மாவட்டங்களில் ஏராளம். காய்ச்சல் வந்தால் தானே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் ஷிப்ட்டுக்குப் போனவர்கள் அவர்கள். அழுதால் சூப்பர்வைசர் ஏசுவார். வீட்டுக்குப் போன் பண்ணினால் அம்மா பதறுவார். அதனால் எதையும் முகத்தில் காட்டாமல் இருக்கப் பழகினார்கள். அந்தப் பழக்கம் அவர்களை அன்றைக்குக் காப்பாற்றியது. அதை நான் மதிக்கிறேன்.

பையன்கள் கதையும் வேறு இல்லை. மீசை அரும்பும் முன்னே வடக்கே முறுக்குக் கம்பெனிக்கு அனுப்பப்பட்டு, பாஷை தெரியாத ஊரில் எண்ணெய்ச் சட்டி முன்னால் வளர்ந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். இப்படி இறுகிப்போன இரண்டு பேரை ஒரே கூரையின் கீழ் சேர்த்துவைத்து, ‘வாயைத் திறக்காதே’ என்று வேறு சொல்லி அனுப்புவது அநியாயம். இதைத் தாங்கி நிற்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: மனசைத் திறந்தால் மரியாதை போய்விடும்

என்னிடம் வந்த ஒரு மனைவிக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. கணவனிடம் மூச்சுக்கூட விடவில்லை. தனியாகப் பஸ் ஏறி மதுரைக்குப் போனார், ஸ்கேன் எடுத்தார், ஊசி வைத்துச் சதையெடுத்துப் பரிசோதித்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் வீட்டுக்கு வந்து உலை வைத்தார். பிறகொரு நாள் பீரோவில் அந்த ரிப்போர்ட் கணவன் கையில் சிக்கியது. “அப்ப இந்த வீட்டுல நான் யாரு?” என்று கேட்டார். “உங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதான்” என்றார் மனைவி. கட்டியைப் பற்றிய பயம் தீர்ந்துவிட்டது. அந்தக் கேள்வி தீரவில்லை. அதற்காகத்தான் இருவரும் என்னிடம் வந்தார்கள். மறைத்ததால் இங்கே யாருடைய மரியாதை கூடியது?

அடக்கி வைத்தால் வீட்டில் அமைதி இருக்கும் என்கிறீர்களே, அது உடம்பையே ஏமாற்ற முடியாத பொய். எமிலி பட்லரும் சக ஆய்வாளர்களும் 2003இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். முன்பின் அறியாத பெண்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, மனசைக் கலக்கும் ஒரு படத்தைக் காட்டி, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருவருக்கு மட்டும், உணர்ச்சியை முகத்தில் காட்டாதே என்று உத்தரவு. அந்த ஜோடிகளில், எதிரே உட்கார்ந்து பேசியவரின் ரத்த அழுத்தமும் சேர்ந்து ஏறியது. முகம் தெரியாத ஆளிடமே இப்படியென்றால், ஒரே வீட்டில் உண்டு உறங்குகிறவருக்கு உங்கள் இறுக்கம் தெரியாமலா இருக்கும்?

அடுத்தது ஜேம்ஸ் கோன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு. பதினாறு மனைவிமாரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, லேசான மின்அதிர்ச்சி வரப்போகிறது என்று எச்சரித்து, மூளை எப்படிப் பதறுகிறது என்று பார்த்தார்கள். தனியாக இருந்தபோது இருந்த பதற்றம், கணவன் கையைப் பிடித்தபோது தணிந்தது. முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தபோது அந்த அளவுக்குத் தணியவில்லை. நல்ல இணக்கமுள்ள தம்பதிகளிடம் பலன் இன்னும் அதிகம். பயத்தைப் பங்கு போட மனுஷ உடம்பு ஆள் தேடுகிறது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

‘ஒருதரம் சாய்ஞ்சா அப்புறம் சொந்தக் கால்ல நிக்க வராது’ என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. புரூக் ஃபீனி 2007இல் வெளியிட்ட ஆய்வில், துணையின் சார்ந்திருத்தலை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டவர்களின் துணைகள், ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கூடுதல் சுதந்திரமாக இயங்கினார்கள். விழுந்தால் பிடிக்க ஆள் உண்டு என்று தெரிந்தவர்தான் துணிந்து அடி எடுத்து வைக்கிறார். சொந்தச் சம்பளம், சொந்தக் கணக்கு, சொந்த முடிவு எதையும் விடச் சொல்லவில்லை. பயமாக இருக்கும்போது ‘பயமாக இருக்கிறது’ என்று சொல்லுங்கள் என்கிறேன். அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கையிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். மனைவி அழுது சொன்னதை அடுத்த சண்டையில் எடுத்து அவள் மேலேயே வீசுகிற ஆண்கள் இருக்கிறார்கள். அடிக்கிற, மிரட்டுகிற, போனைப் பிடுங்கிப் பார்க்கிற ஆண்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் மனசைத் திறக்கச் சொல்லி நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அங்கே தேவை பாதுகாப்பு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. ஆனால் கெட்டவனுக்காகச் சொன்ன எச்சரிக்கையை நல்லவனைக் கட்டியவளுக்கும் சேர்த்துச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

நம்பிக்கை: பத்தினி வாய் திறக்க மாட்டாள், கண்ணகி பேசினாளா?

மதுரை மண்ணில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறவர்கள் சிலப்பதிகாரத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றே அர்த்தம். கொலைக்களக் காதையைப் படியுங்கள். மதுரைக்கு வெளியே ஆயர்குடியில், மாதரியின் அடைக்கலத்தில், சாப்பிட்டு முடித்த கோவலன் தான் செய்த தவறுகளைத் தானே சொல்லி வருந்துகிறான். அப்போது கண்ணகி பேசுகிறாள். அவன் இல்லாத நாளில் அறம் செய்யவும் விருந்து பேணவும் வழியற்றுப் போனதைச் சொல்கிறாள். மாமனும் மாமியும் பார்க்க வந்தபோது வலியை மறைத்துப் பொய்ச்சிரிப்பு சிரித்ததையும், அதைக் கண்டு அவர்கள் வருந்தியதையும் சொல்கிறாள். நீங்கள் நடந்துகொண்டது சரியில்லை என்றும் சொல்கிறாள். அதன்பிறகு சிலம்பு விற்கப் போனவன் திரும்பவில்லை. அவ்வளவு காலம் கழித்து வந்த அந்தப் பேச்சு இருவருக்கும் எவ்வளவு தேவையாக இருந்தது என்று இளங்கோவுக்குத் தெரிந்திருக்கிறது. வள்ளுவரும் காமத்துப்பாலின் கடைசி மூன்று அதிகாரங்களை ஊடலுக்கே கொடுத்திருக்கிறார். மௌனத்தைக் கற்பு என்று இவர்கள் யாரும் சொல்லவில்லை.

நம்பிக்கை: சொந்தத்தில் கட்டினால் பேசவே வேண்டாம்

மாமன் மகனையும் அக்கா மகளையும் கட்டுகிற ஊரில் இது வேதவாக்கு. பாவாடை சட்டையில் பார்த்த பிள்ளையைத் தெரியும் என்பதற்காக, பத்து வருஷம் வெளியூரில் உழைத்துத் திரும்பிய பெண்ணைத் தெரியும் என்று ஆகிவிடாது. உறவுக்குள் வேறொரு சிக்கலும் உண்டு. மாமியார் சொந்த அத்தை. காலையில் கணவனிடம் சொன்னது மத்தியானம் அத்தை காதுக்கும், பொழுது சாய்வதற்குள் பிறந்த வீட்டுக்கும் போய்விடுகிறது. அப்புறம் அவள் எப்படி வாய் திறப்பாள்? இருவருக்குள் பேசியது இருவரோடு நிற்கவேண்டும். சொந்தத்தில் கட்டியவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இரண்டு மடங்கு அவசியம்.

நம்பிக்கை: ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகும்

ஆகாது. காட்மன் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், முதல் பிள்ளை பெற்ற மனைவியரில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு மணவாழ்வின் திருப்தி குறைந்தது. தூக்கமில்லாத வீட்டில் பேசாத பேச்சு இன்னும் கனக்கும்.

நம்பிக்கை: ஆம்பளைக்குக் குவார்ட்டர் போட்டால்தான் மனசு திறக்கும்

போதையில் வருவது புலம்பல். காலையில் அவருக்கே அது நினைவிருக்காது. மனைவி மட்டும் அதைச் சுமக்கவேண்டும். தெளிந்த புத்தியோடு ‘கடனை நினைச்சா எனக்குப் பயமா இருக்கு’ என்று சொல்லுங்கள். அது ஆண்மைக் குறைவு இல்லை.

நம்பிக்கை: திறப்பதென்றால் எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் கொட்டிவிட வேண்டும்

வேண்டாம். சின்னதாக ஆரம்பியுங்கள். ‘இன்னிக்கு வேலைல ஒரு பேச்சு கேட்டுட்டு வந்தேன், மனசுக்குக் கஷ்டமா இருக்கு’ என்று சொல்லிவிட்டு, அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கேட்டால், இன்னொரு நாள் இன்னும் கொஞ்சம். குற்றச்சாட்டை இறக்கிவைத்து உங்கள் நிலையைச் சொல்லுங்கள். ‘ஒரு போன் பண்ண மாட்டீங்களா?’ என்பதற்குப் பதில், ‘நேரமானா எனக்குப் பயந்து வருது’ என்று சொல்லிப் பாருங்கள். எதிரே இருப்பவரின் குரல் தாழும். காட்மன் புதுமணத் தம்பதிகளை ஆறு வருஷம் கழித்துப் பார்த்தபோது, சேர்ந்து வாழ்ந்தவர்கள் துணையின் இப்படிப்பட்ட சின்ன அழைப்புகளில் 86 சதவீதத்துக்குச் செவி கொடுத்தவர்களாக இருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 சதவீதத்துக்கு.

இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்? கல்யாணத்துக்கு ஊர் எல்லை வரை ஃப்ளெக்ஸ் கட்டுகிறோம். செய்முறை நோட்டில் எழுதியது தலைமுறை தாண்டியும் நினைவிருக்கிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு ஆலோசகர் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார மட்டும் நேரமில்லை. 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். போட்டோ கேட்கிறார்கள், வயதுச் சான்று கேட்கிறார்கள், முகவரி கேட்கிறார்கள். அதோடு ஒருநாள் இலவச ஆலோசனையையும் கட்டாயமாக்குங்கள் என்று போகிற மேடையெல்லாம் கேட்கிறேன். பெண்களுக்காவது மகளிர் குழு இருக்கிறது. மதுரை வட்டாரத்தில் 1990லிருந்து களஞ்சியம் குழுக்கள் பெண்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைக்கின்றன. ஆண்களுக்கு அப்படி ஒரு இடம் எங்கே? ஒவ்வொரு பேரூராட்சியிலும் ஆண்கள் உட்கார்ந்து வீட்டைப் பற்றிப் பேச மாதம் ஒரு மாலை ஒதுக்கினால் குடும்ப நீதிமன்றத்தில் கூட்டம் குறையும் என்று உறுதியாக நம்புகிறேன். அதுவரை 14416க்குப் பேசுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது; காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாகக் கணவன்மார்களுக்கு. மனைவி பேசும்போது போனைக் கவிழ்த்து வையுங்கள். கேட்டதை உங்கள் அம்மாவிடம்கூடக் கொண்டுபோகாதீர்கள். சண்டையில் அதை ஆயுதமாக எடுக்காதீர்கள். உங்கள் பயத்தையும் ஒருநாள் அவரிடம் சொல்லுங்கள். இதில் ஒன்றைக்கூடச் செய்யாமல், ‘அவ மனசு விட்டுப் பேசமாட்டேங்கிறா மேடம்’ என்று என்னிடம் புகார் கொண்டு வராதீர்கள். முதல் கேள்வியை உங்களிடம்தான் கேட்பேன்.