செறிவூட்டிய மாவா, வெந்த காராமணியா?

ரேஷன் அரிசியில் வேறு நிறத்தில் கிடக்கும் மணிகளைப் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறிகிறவர்கள் இன்னும் உண்டு. அது பிளாஸ்டிக் இல்லீங்க. அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூன்றையும் பிசைந்து, அரிசி வடிவத்தில் அச்சில் எடுத்தது. நூறு மணிக்கு ஒரு மணி என்பதே கலக்கும் கணக்கு. கடையில் விற்கும் செறிவூட்டிய கோதுமை மாவிலும் முக்கியமாகச் சேர்ப்பது இந்த மூன்றைத்தான்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. எனவே அரசின் கவலையில் நியாயம் இருக்கிறது. நம் கேள்வி, நம்ம காட்டுப் பயறு இதில் எவ்வளவு வேலை செய்யும் என்பதே.

முதலில் எடையைச் சரிபார்ப்போம். மாவு காய்ந்த பொருள். வெந்த காராமணி 100 கிராமில் 70 கிராம் தண்ணீர். காய்ந்த பயறாக அது 35 கிராம்தான். அப்படியிருந்தும் 100 கிராமுக்குக் கணக்கைப் பாருங்க:

இரும்பு: மாவில் பொதுவாகச் சேர்ப்பது 2.8 முதல் 4.25 மி.கி.; வெந்த காராமணியில் சுமார் 2.5 மி.கி.

ஃபோலேட்: மாவில் சேர்ப்பது 7.5 முதல் 12.5 மைக்ரோகிராம், காராமணியில் சுமார் 200.

பி12: மாவில் சுமார் 0.1 மைக்ரோகிராம்; காராமணியில் கிடையாது.

புரதம்: மாவில் புதிதாக எதுவும் சேர்ப்பதில்லை, காராமணியில் சுமார் 8 கிராம்.

இரும்பில் மாவு கொஞ்சம் முந்துகிறது. சேர்க்கும் ஃபோலிக் அமிலம் உடம்பில் சுலபமாகச் சேரும் என்று 1.7 மடங்காகப் போட்டாலும் 21 மைக்ரோகிராம்தான் வரும். பி12 எந்தப் பயறிலும் இல்லை. பால், தயிர், முட்டை, மீன்தான் வழி. தானியத்தில் குறைவான லைசின் பயறில் நிறைய இருக்கிறது. கேழ்வரகுக் களிக்கு மொச்சைக் குழம்பு சரியான ஜோடியாவது இதனால்தான். கேழ்வரகில் இயற்கையாகவே 100 கிராமுக்கு 4.6 மி.கி. இரும்பும் 364 மி.கி. சுண்ணாம்புச் சத்தும் உண்டு.

ஆனா, தானியத்திலும் பயறிலும் உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்க. முளைகட்டினால் இன்னும் நல்லது. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருக்கட்டும். டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க. கர்ப்பிணிகள் சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

கல்வராயன் மலையில் சாமையும் கேழ்வரகும் போடுகிறவர்கள் ஊடே காராமணி, மொச்சை, துவரை போட்டால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். முழுக் காட்டையும் மரவள்ளிக்கோ மக்காச்சோளத்துக்கோ கொடுத்துவிட்டால் பயறைக் காசு கொடுத்துத்தான் வாங்கணும்.

ஒருவருக்கு நாளைக்கு 35 கிராம் பயறு என்றால், நாலு பேர் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 51 கிலோ. விதைக்கும் சேர்த்து 55 கிலோவை வீட்டில் கட்டி வைத்துவிட்டு, மிச்சத்தை விலைக்குப் போடுங்க.